நெட்டுக்குப்பத்து ஆயாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

எண்ணூர் முகத்துவாரக் கரையில் வாழும் அன்பு மக்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்ததை நான் திரும்ப எழுதத் தேவையில்லை. கரையில் எங்களோடு நின்றவர்கள் நீங்கள். குப்பையை ஏற்ற வருவதாகச் சொன்ன லாரி வரவில்லை. பௌர்ணமி ஓதம் ஏறிக்கொண்டே இருந்தது. காலையிலிருந்து பொறுக்கிய குப்பை மூட்டைகள் தண்ணீருக்குப் பத்தடி தள்ளிக் கிடந்தன. அவற்றில் ஒன்றுகூடக் கடலுக்குப் போகவில்லை. இரண்டு நாளாகியும் நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

கேட்காமலே மீன்பாடி வண்டிகளைக் கொண்டுவந்த அண்ணன்களுக்கும், மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் ஓடிய பிள்ளைகளுக்கும், காசு வாங்க மறுத்த டீக்கடைக்காரருக்கும், மறுநாள் விடியுமுன் வந்து எல்லாவற்றையும் ஏற்றிச் சென்ற தூய்மைப் பணியாளர்களுக்கும், நடந்தபடியே குப்பை பொறுக்கும் எங்கள் நடைக் குழு கைகூப்புகிறது.

ஆயா, உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் கையுறைகள் மதியத்துக்குள் கிழிந்துவிட்டன. அறுந்த வலைகளில் ஒட்டியிருந்த தார், விரலிடுக்கிலும் நகக்கண்ணிலும் அப்பிக்கொண்டது. சோப்புப் போட்டுத் தேய்த்தால் இன்னும் பரவியது. வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நீங்கள், "சோப்புக்கு அது போகாது கண்ணு, இங்கே வா" என்றீர்கள். தேங்காய் எண்ணெய்ச் சீசாவைக் கவிழ்த்து என் உள்ளங்கையில் ஊற்றி, பழைய புடவைத் துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தீர்கள். தார் இளகி வந்தது. எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். "கடலில் எண்ணெய் கொட்டியபோது" என்றீர்கள், எந்த முறை என்று சொல்லாமல். 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதிக்கொண்டபோதும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்தபோதும் இந்தக் கரை மக்கள் எண்ணெயை வாளியிலும் கையிலுமாக அள்ளினார்கள். இந்த வைத்தியம் அப்படி வந்தது.

பிறகு உள்ளே போய் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தீர்கள். லாரித் தண்ணீர். அதற்கு எவ்வளவு நேரம் வரிசையில் நின்றிருப்பீர்கள் என்று வடசென்னையில் வளர்ந்த எனக்குத் தெரியும். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "கை கழுவாமல் எப்படிச் சாப்பிடுவாய்?" என்று அதட்டினீர்கள். அன்று பத்துப் பேர் அந்தத் தண்ணீரில் கை கழுவினோம்.

ஒன்றை உங்களிடம் சொல்லாமல் வந்துவிட்டேன். நான் கட்டிய மூட்டை ஒன்றில், பெரம்பூரில் எங்கள் தெரு முனைக் கடையின் பெயர் அச்சிட்ட பை இருந்தது. எழுத்துகூட அழியவில்லை. ஓட்டேரி நல்லா என்ற ஓடை பக்கிங்காம் கால்வாயில் சேர்கிறது, கால்வாய் வடக்கே போய் எண்ணூர்க் கழிமுகத்தைத் தொடுகிறது என்பதைப் பள்ளியிலேயே படித்தவன் நான். அந்தப் பை வந்த வழியும் இதுவாகத்தான் இருக்கும். உங்கள் கரையைச் சுத்தம் செய்ய வருகிறோம் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்திருந்தோம். எங்கள் தெருக் குப்பையை நாங்கள் எடுக்க, அதற்கு உங்கள் குடிதண்ணீரை நீங்கள் ஊற்றியிருக்கிறீர்கள்.

இனி மாதத்தின் ஒரு ஞாயிறு எங்கள் நடை ஓட்டேரி நல்லா ஓரத்தில்தான். குப்பை கடல்வரை வராமல் அங்கேயே நிற்கட்டும். முகத்துவாரத்துக்கு வரும் நாட்களில் கை கழுவும் தண்ணீரை நாங்களே கேன்களில் கொண்டுவருவோம். மிச்சத் தண்ணீரைத் திரும்ப எடுத்துப் போக மாட்டோம்.

உங்கள் எண்ணெய்ச் சீசா தவறுதலாக என் பையிலேயே வந்துவிட்டது ஆயா. காலிப் பாத்திரத்தைத் திருப்பித் தரக் கூடாது என்பார் என் அம்மா. வரும் ஞாயிறு காலை, நிரப்பி எடுத்துக்கொண்டு வருகிறேன்.

நன்றியுடன்,
நடைக் குழுவினர் சார்பில், பெரம்பூரிலிருந்து ஒருவன்