செயலாளர் ஆண்டறிக்கை: கொடுத்த பிறகு போய்ப் பார்த்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

ஆண்டுப் பொதுக்குழுவின் முன் செயலாளர் அறிக்கை வைக்க வேண்டும் என்பது சங்க விதி. இதை எழுத உட்காரும் முன், சென்ற ஆண்டு நான் வாசித்த அறிக்கையை எடுத்துப் படித்தேன். பத்தி தவறாமல் ஒரே சொல்: வழங்கப்பட்டன. சக்கர நாற்காலிகள் வழங்கப்பட்டன, கண்ணாடிகள் வழங்கப்பட்டன, மரக்கன்றுகள் வழங்கப்பட்டன. வழங்கிய பிறகு அவை என்ன ஆயின என்று ஒரு வரி இல்லை. எழுதியவன் நான்தான் என்பதால் யாரையும் குறை சொல்லவும் வழியில்லை.

ஆகவே இந்த ஆண்டின் முதல் செயற்குழுவிலேயே ஒரு தீர்மானம் கொண்டுவந்தோம். எந்தப் பணியானாலும் முடிந்து மூன்று மாதம் கழித்து இரண்டு பேர் நேரில் போய்ப் பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும். பணியை முன்னின்று நடத்தியவர் அந்த இருவரில் ஒருவராக இருக்கக் கூடாது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. முதலில் யார் போவது என்று கேட்டதும் அந்த ஒருமனம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. கடைசியில் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கித்தான் ஆள் அனுப்பினோம்.

முதல் குறிப்பு சக்கர நாற்காலிகளைப் பற்றி வந்தது. ஒரு வீட்டில் நாற்காலி கதவுக்குப் பின்னால் மடக்கி வைக்கப்பட்டிருந்தது. கைப்பிடியில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. யாருக்காகக் கொடுத்தோமோ அவர் பக்கத்தில் பழைய மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி சொன்னதைக் குறிப்பில் அப்படியே எழுதியிருக்கிறார்கள்: “உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் இடம் விட்டு ஒரு பக்கமாகச் சாய்கிறார். கால், மிதியை எட்டவில்லை. நீங்கள் வீடு தேடி வந்து கொடுத்தது, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?” இன்னொரு வீட்டில் நாற்காலி பயன்பாட்டில்தான் இருந்தது. ஆனால் உட்காரும் இடத்தில் தோல் சிவந்து புண் ஆகத் தொடங்கியிருந்தது. உணர்ச்சி இல்லாத உடல் பகுதியில் அழுத்தம் நீடித்தால் புண் வந்தது அவருக்கே தெரியாது. தெரியவரும்போது அது ஆழமாகியிருக்கும். நாம் மொத்தமாக ஒரே அளவில் வாங்கினோம், ஏனென்றால் அப்படி வாங்கினால் விலை குறைவு. மேடையில் வரிசையாக நிறுத்தியபோது பார்க்கவும் அழகாகத்தான் இருந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் சக்கர நாற்காலி வழங்குவதற்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. வசதி குறைந்த இடங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அதில் எட்டுப் படிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. தேவைப்படுபவரைக் கண்டறிந்து வரவழைப்பது, அவரை ஆராய்ந்து அளவெடுப்பது, ஏற்ற நாற்காலியைத் தேர்வு செய்வது, பணம் திரட்டி வாங்குவது, நாற்காலியை அவருக்கேற்பத் தயார்செய்வது, உட்காரவைத்துப் பொருத்திப் பார்ப்பது, பயன்படுத்தப் பழக்கிவிடுவது, பிறகு பழுது பார்த்துத் தொடர்ந்து கவனிப்பது. இத்தனை ஆண்டுகளாக நாம் செய்துகொண்டிருந்தது நான்காவது படி மட்டும்.

அதன் பிறகு இயன்முறை மருத்துவர் ஒருவர் ஊதியம் வாங்காமல் நம்முடன் வர ஒப்புக்கொண்டார். தையல்காரர் நாடாவை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். இடுப்பின் அகலம்தான் இருக்கையின் அகலம். முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கையின் விளிம்புக்கும் இடையில் இரண்டு விரல் போகும் இடம் வேண்டும். கால் மிதியின் உயரம் தொடை முழுவதும் இருக்கையில் படியும்படி இருக்க வேண்டும். இதையெல்லாம் பார்த்து வாங்கியதில் இந்த ஆண்டு கொடுத்த நாற்காலிகளின் எண்ணிக்கை சென்ற ஆண்டைவிடக் குறைந்துவிட்டது. பொருளாளர் தம் கணக்கை வாசிக்கும்போது நாற்காலி ஒன்றுக்கான செலவு கூடியிருப்பதைக் கவனிப்பீர்கள். அதற்கான விளக்கம் இதுதான், அவரைக் கேள்வி கேட்க வேண்டாம். பொருந்தாத பழைய நாற்காலிகளைத் திரும்ப வாங்கிச் சங்க அறையில் வைத்திருக்கிறோம். மருத்துவமனையிலிருந்து வந்து சில வாரம் மட்டும் தேவைப்படுபவர்களுக்கு அவற்றை இரவல் கொடுக்கிறோம்.

இரத்த தானத்தில் நமக்கு வந்த அறிவுரை இரத்த வங்கியிலிருந்தே வந்தது. சங்கத்தின் ஆண்டு விழா நாளில் பெரிய முகாம் ஒன்றை நடத்துவது நம் வழக்கம். ஒரே நாளில் இத்தனை அலகுகள் என்று பதாகையில் போடுவோம். வங்கி மருத்துவர் மிகுந்த மரியாதையோடு ஒரு கேள்வி கேட்டார்: “அடுத்த மாதம் கேட்டால் கொடுப்பீர்களா?” சிவப்பணுக்களைக் குளிரில் வைத்தால் அதிகபட்சம் 42 நாள் தாங்கும். தட்டணுக்களை அறை வெப்பத்தில் ஆட்டிக்கொண்டே வைத்தாலும் ஐந்து நாள் அளவில்தான் காலம். முகாமில் கொடுத்தவர் அடுத்த முறை கொடுக்க, நாட்டுக்கு நாடு மாறுபடும் விதிப்படி, ஏறத்தாழ 8 முதல் 16 வாரம் காத்திருக்க வேண்டும். அதாவது நம் விழா நாளில் குளிர்பெட்டி நிரம்பி வழியும். பிறகு தேவை வரும் நாளில், தெரிந்த கொடையாளர் எல்லாரும் அண்மையில் கொடுத்தவர்களாக இருப்பார்கள். இந்த ஆண்டு அந்த ஒரு முகாமை நான்காகப் பிரித்தோம். அவற்றில் ஒன்றை மட்டும் ஜூன் 14இல் வைத்துக்கொண்டோம். இரத்த வகைகளைக் கண்டறிந்த கார்ல் லாண்ட்ஸ்டெய்னரின் பிறந்த நாளான அது 2004 முதல் உலக இரத்தக் கொடையாளர் நாளாக இருக்கிறது. மற்ற மூன்றுக்கும் நாளைக் குறித்தது இரத்த வங்கிதான். கூட்டம் குறைவாகத்தான் வந்தது. வங்கிக்கு அதுதான் வேண்டியிருந்தது.

ஹீமோகுளோபின் குறைவு என்று திருப்பி அனுப்பப்படுபவர்களிடம் எப்படிப் பேசுவது என்பதை நாம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. இரண்டாம் முகாமில் ஓர் இளம்பெண்ணிடம் நம் ஆள் ஒருவர் எல்லார் முன்னிலையிலும் “உங்களுக்கே இரத்தம் இல்லை” என்று சொல்லிவிட்டார். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த முகாமில் இதற்குத் தனி மறைப்பு வைத்தோம்.

பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வில் சொல்வதை எழுதுபவராகப் போகும் பணிக்கு இந்த ஆண்டு உறுப்பினர்கள் அதிகமாக முன்வந்தார்கள். எளிய வேலை என்று நினைத்துப் போனவர்கள் வியர்த்துப்போய்த் திரும்பினார்கள். நம் மூத்த உறுப்பினர் ஒருவர், முப்பது ஆண்டுக்கு மேல் தமிழ் கற்பித்தவர், முதல் நாள் வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “தப்பென்று தெரிந்தே எழுத வேண்டியிருக்கிறதே, ஐயா. என் கை அதற்குப் பழகவே இல்லை.” மாணவர் சொல்வதை எழுத வேண்டும், தனக்குத் தெரிந்ததை எழுதக் கூடாது. அதுவரை எல்லாருக்கும் புரிகிறது. ஆனால் மொழிப்பாடத்தில் மாணவர் வேகமாகச் சொல்லும்போது காதில் விழுந்தது வாலையா, வாளையா, வாழையா என்று ஐயம் வந்தால்? சிறப்பு ழகரமா என்று கேட்பதே குறிப்புக் கொடுத்ததாகிவிடாதா? இதைப் பற்றி ஒரு கூட்டத்தில் ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. இந்தச் சங்கத்தில் நான் கேட்ட வாதங்களிலேயே பயனுள்ளது அதுதான். முடிவில், தேர்வுக்கு முந்தைய வாரம் மாணவரும் எழுதுபவரும் ஒருமுறையாவது உட்கார்ந்து பழகிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். எந்த வேகத்தில் சொல்வது, காற்புள்ளி, பத்தி, வரைபடம் ஆகியவற்றை எப்படிச் சொல்வது, சந்தேகம் வந்தால் “மறுபடியும் சொல்லுங்கள்” என்பதைத் தவிர வேறெதுவும் பேசாமலிருப்பது, எல்லாவற்றையும் அங்கேயே பேசி முடித்துவிடுவார்கள். தமிழாசிரியர் அதன் பிறகு இரண்டு தேர்வுகளுக்குப் போய்வந்தார். கை பழகிவிட்டதா என்று கேட்டேன். பழகவில்லை என்றார். ஆனால் அடுத்த பருவத்துக்கும் பெயர் கொடுத்திருக்கிறார்.

கண் தானம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு என் தொலைபேசி அடித்தது. ஒரு பெண் பேசினார். “அப்பா இறந்து நாலு மணி நேரம் ஆகப்போகிறது. உங்கள் சங்கத்துச் சீட்டு ஒன்றை இப்போதுதான் பீரோவில் பார்த்தோம். இன்னும் செய்ய முடியுமா?” இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பது பொதுவான வரம்பு. கண் வங்கிக்குச் சொல்லிவிட்டு, அவரிடம் செய்ய வேண்டியதைச் சொன்னேன். இமைகளை மூடுங்கள், அவற்றின் மேல் ஈரப்பஞ்சு வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், தலைக்கு அடியில் தலையணை வைத்துச் சற்று உயர்த்துங்கள். ஒவ்வொன்றுக்கும் “சரி” என்று சொல்லிக்கொண்டே வந்தவர், விசிறியை நிறுத்தச் சொன்னபோது மட்டும் ஒரு கணம் பேசவில்லை. “அப்பாவுக்கு விசிறி இல்லாமல் தூக்கம் வராது” என்றார். பிறகு நிறுத்திவிட்டேன் என்றார். கண் வங்கிக் குழு நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது. எடுப்பதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை, முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

அந்தப் பெரியவர் கண்ணாடி அணிந்தவர், சர்க்கரை நோயும் இருந்தது. இரண்டுமே கண் தானத்துக்குத் தடையில்லை என்பதை நம் உறுப்பினர்களிலேயே பலர் அறிந்திருக்கவில்லை. முதல் வெற்றிகரமான கருவிழி மாற்று அறுவையை எட்வார்டு சிர்ம் செய்தது 1905இல், ரோட்டரி சங்கம் சிகாகோவில் தொடங்கிய அதே ஆண்டில். அத்தனை பழைய மருத்துவத்துக்கு இன்றும் தடையாக நிற்பது பூட்டிய பீரோதான். ஆண்டுதோறும் படிவத்தில் கையெழுத்து வாங்கி எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்தோம். கையெழுத்துப் போட்டவர், அந்த நேரம் வரும்போது தாமே தொலைபேசியில் பேச முடியாது என்பதை யோசிக்கவில்லை. இனிமேல் குடும்பத்தில் ஒருவர் உடன் வந்து கையெழுத்திட்டால்தான் படிவம் பெற்றுக்கொள்ளப்படும். அந்தக் கண்கள் யாருக்குப் பொருத்தப்பட்டன என்பதைக் கண் வங்கி சொல்லாது, சொல்லவும் கூடாது. மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற நம் தீர்மானம் செல்லுபடியாகாத பணி இது ஒன்றுதான்.

மரக்கன்றுகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போய்ப் பார்த்தவர்கள் பாதிக்கு மேல் பட்டுப்போயிருந்ததாக எழுதினார்கள். கூண்டு மட்டும் நின்றது. அதில் நம் சங்கப் பெயர்ப்பலகை வாடாமல் இருந்தது. இந்த ஆண்டு கன்று குறைவு, ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் ஊற்ற ஓர் உறுப்பினர் பொறுப்பு. பெயர்ப்பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.

பழைய உடை சேகரிப்பைச் செயற்குழு நிறுத்திவைத்திருக்கிறது. வந்த மூட்டைகளைப் பிரிக்க எட்டுப் பேருக்கு மூன்று நாள் ஆயிற்று. ஒற்றைச் செருப்பு நான்கு இருந்தன, ஒன்றுக்கொன்று ஜோடி இல்லை. பொத்தான் அறுந்த சட்டை, ஈரத்தோடு கட்டிய போர்வை, எவரோ நாடகத்துக்கு அணிந்த அரச உடை. வீட்டில் இடம் அடைப்பதை வெளியேற்றுவதற்குத் தானம் என்று பெயர் வைத்துக்கொள்கிறோமோ என்று பிரித்தவர்களில் ஒருவர் கேட்டார். குறிப்பேட்டில் அந்தக் கேள்வியைப் பதிவு செய்திருக்கிறேன். பேரிடர்க் காலத்தில் நிவாரண அமைப்புகள் உடையைவிடப் பணமே மேல் என்று சொல்வதற்கு இந்தப் பிரிக்கும் வேலையும் ஒரு காரணம்.

உயிர்காக்கும் முதலுதவிப் பயிற்சி இரண்டு முறை நடந்தது. இதயம் நின்றவரின் மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது ஐந்து செண்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். இரண்டு நிமிடத்தில் ஆள் களைத்துவிடுகிறார், ஆகவே மாற்றாள் வேண்டும். பயிற்சிப் பொம்மை தேறிவிட்டது, நம் முழங்கால்கள்தான் தேறவில்லை.

பணத்தைப் பொறுத்தவரை முழு விவரம் பொருளாளர் அறிக்கையில். நான் சொல்ல வேண்டியது ஒன்று. லயன்ஸ் போன்ற பெரிய அமைப்புகளில் நெடுங்காலமாக இருப்பதுபோல நாமும் நிர்வாகக் கணக்கையும் சேவைக் கணக்கையும் பிரித்துவிட்டோம். பொதுமக்களிடம் வாங்கிய பணம் முழுவதும் சேவைக்கே போகும். நம் கூட்டத்துத் தேநீர், தபால், பதாகை எல்லாம் நம் சந்தாவிலிருந்து. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் தேநீர் கோப்பையை எடுக்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

டிசம்பர் 5 பன்னாட்டுத் தன்னார்வலர் நாள். ஐ.நா. பொதுச்சபை 1985இல் அறிவித்தது. ஒருவருக்கொருவர் கேடயம் கொடுத்துக்கொள்ளும் நம் வழக்கத்தை இந்த ஆண்டு விட்டுவிட்டோம். சிலருக்கு வருத்தம் என்பது எனக்குத் தெரியும். உதவி பெறுபவரின் முகம் தெரியும்படி படம் எடுப்பதில்லை என்ற முடிவிலும் அப்படித்தான். படம் இல்லாவிட்டால் நன்கொடையாளர் நம்பமாட்டார் என்று வாதிட்டவர்களின் கவலையில் நியாயம் இருக்கிறது. அதற்கு மாற்றாக, மூன்று மாதக் குறிப்பின் நகலைப் பெயர்களை நீக்கி நன்கொடையாளருக்கு அனுப்பத் தொடங்கினோம். பட்டுப்போன மரக்கன்றுக் குறிப்பையும் அனுப்பினோம். அதைப் படித்த ஒருவர் கூண்டுக்கான பணத்தைத் திருப்பிக் கேட்டார். இன்னொருவர் வாளி வாங்கிக் கொடுத்தார்.

மாதக் கூட்டத்தை மாலையிலிருந்து ஞாயிறு காலைக்கு மாற்றியதில் இளையவர்கள் வரவு கூடியிருக்கிறது. முதியவர்களில் சிலர் வருவது குறைந்திருக்கிறது. இரண்டையும் சரிசெய்யும் நேரம் எதுவென்று புதிய செயற்குழு கண்டுபிடிக்கட்டும்.

நிலுவையில் உள்ளவை: இரவல் பொருள் பதிவேட்டின்படி ஊன்றுகோல் ஒரு ஜோடியும், நடை உதவிச் சட்டகம் ஒன்றும், பொருந்தாமல் திரும்பி வந்த சக்கர நாற்காலிகளில் ஒன்றும் இன்னும் வந்து சேரவில்லை. நாற்காலியை எடுத்துப்போனதாகக் கையெழுத்திட்டிருப்பவர் நம் செயற்குழு உறுப்பினர் ஒருவர். வெளியில் ஐந்து பேர் வரிசையில் காத்திருக்கிறார்கள். இந்தக் கூட்டம் முடிந்ததும் அவர் என்னை வந்து பார்க்குமாறு கேட்டுக்கொண்டு, அறிக்கையை ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்