கில்ட்டைப் பெட்டியில வெச்சுப் பூட்டிடாத கண்ணா

கண்ணா,

நேத்து போன்ல "அடுத்த கல்யாணத்துக்கு சூட்டே போட்டுக்கறேம்மா, கில்ட் வேண்டாம்"னு சொல்லிட்டு சட்டுனு பேச்ச மாத்திட்ட, அப்பா பக்கத்துல இருந்ததால நானும் மேல ஒண்ணும் கேக்கல. ஆனா ராத்திரி பூரா அதே நெனப்புதான். போன கல்யாணத்துக்கு கில்ட்டோட, அதான் ஸ்காட்லாந்து ஆம்பளைங்க இடுப்புல சுத்திக் கட்டற கட்டம் போட்ட கம்பளிப் பாவாடையோட நீ போனப்ப, பர்மிங்காம் ட்ரெயின்ல எதிர் சீட்டுப் பசங்க உன்ன மேலயும் கீழயும் பாத்து சிரிச்சு போன்ல வீடியோ எடுத்தது, ரிசெப்ஷன்ல யாரோ ஒரு பொம்பள பின்னாடி வந்து ஓரத்தப் புடிச்சுத் தூக்கிப் பாத்தது, இதெல்லாம் நீ போற போக்குல சொன்னாலும் எனக்கு சாதாரணமா படல. அதான் வாட்ஸ்அப்ல ரெண்டு வரி அடிக்காம உக்காந்து நீளமா எழுதறேன், பொறுமையா படி.

மொதல்ல, பாக்கறது வேற, மொறைக்கறது வேற, கை வெக்கறது வேற. மூணையும் ஒண்ணா சேத்து "எல்லாரும் என்னையே பாக்கறாங்க"ன்னு நெனச்சுக்காத. நான் கிளாஸ்கோ வந்த புதுசுல பெரிய கோட்டுக்குக் கீழ புடவை தெரிய பஸ்ல போவேன், பாக்காத ஆளே கெடையாது. அதுல பாதிக்கு மேல வெறும் ஆர்வம்டா. ஒரு வயசான அம்மா பார்டரத் தொட்டுப் பாக்கலாமான்னு கேட்டுட்டுத்தான் தொட்டாங்க, எத்தன மீட்டர்னு கேட்டாங்க, அஞ்சரைன்னேன், ஒரு நல்ல கில்ட்டுக்கு எட்டு கஜம் துணி போகும்னு அவங்கதான் எனக்கு மொத மொதல்ல சொன்னாங்க, அதாவது ஏழு மீட்டருக்கு மேல, என் புடவைய விட அதிகம். அப்படிப் பாக்கறவங்களுக்கு நீ ஒரு சிரிப்பு சிரிச்சா போதும், கேட்டா சொல்லிக்கூட குடு, எந்த டார்ட்டன், அதாவது எந்தக் கட்டம் போட்ட டிசைன், எங்க தச்சதுன்னு. உனக்கும் நல்லா இருக்கும் அவங்களுக்கும் நல்லா இருக்கும்.

மொறைக்கறவங்க விஷயம் வேற. அவங்களுக்கு வேண்டியது நீ கூசிப்போறது. நீ தலையக் குனிஞ்சுட்டு போன நோண்ட ஆரம்பிச்சா அவங்களுக்கு இன்னும் வசதி. நிமிர்ந்து நேரா முகத்தப் பாத்து, தெளிவா ஒரு "குட் ஈவினிங்" சொல்லு. கிண்டலா இல்ல, நெஜமாவே மரியாதையா. நான் வருஷக்கணக்கா இதத்தான் பண்ணிட்டு வரேன், பாதிப் பேரு பதிலுக்கு குட் ஈவினிங் சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிடுவாங்க. ஆனா சனிக்கிழமை சாயங்காலம் குடிச்சுட்டு கும்பலா வர்ற பசங்ககிட்ட இதெல்லாம் வேண்டாம், பேசாம எழுந்து அடுத்த பெட்டிக்குப் போ, அதுல கௌரவக் கொறைச்சல் ஒண்ணும் இல்ல. விடாம தொந்தரவு பண்ணா ரயில்வே போலீஸுக்கு 61016க்கு மெசேஜ் அனுப்பு, சத்தம் போடாம உக்காந்த எடத்துல இருந்தே சொல்லிடலாம், அந்த நம்பர போன்ல சேவ் பண்ணி வெச்சுக்க.

உள்ள என்ன போட்டிருக்கன்னு கேக்கறாங்களே, அதுக்கு நீ ஏதாவது ஜோக் அடிச்சுத் தப்பிக்கணும்னு எல்லாரும் எதிர்பாக்கறாங்க. வேணாம்டா. ஒரு பொண்ணுகிட்ட இதே கேள்விய ஒரு ஆம்பள கேட்டா அந்த ஹாலே திரும்பிப் பாக்கும். "அது உங்களுக்கு எதுக்கு"ன்னு கோவமில்லாம கேட்டுட்டு பேச்ச மாத்து.

தூக்கிப் பாத்தா பாரு, அவள நெனச்சா எனக்கு இப்பவும் வயிறு எரியுது. எல்லாரும் சிரிச்சாங்கன்னு நீயும் சேந்து சிரிச்சேன்னு சொன்ன, அந்த நேரத்துல வேற என்ன செய்யத் தோணும்னு எனக்குத் தெரியும், கூட்டத்துல பஸ்ல போய்ப் பழகின எந்தப் பொண்ணுக்கும் அது தெரியும். தப்பு உன்மேல துளிகூட இல்ல. இன்வர்னஸ்ல ஒரு பார்ல வேலை செஞ்ச பசங்க பொம்பளைங்க இப்படித் தூக்கற தொல்லை தாங்காம கில்ட் போடறதையே நிறுத்தினாங்க, 2017ல பேப்பர்லயே வந்துச்சு. இங்கிலாந்துல 2019 ஏப்ரல்ல இருந்து ஒரு சட்டம் இருக்கு, அசிங்கப்படுத்தணும்னோ வேற கெட்ட எண்ணத்துலயோ யாரோட துணிக்கடியிலயும் சம்மதம் இல்லாம போட்டோ எடுத்தா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், பொண்ணுங்க பாவாடைக்கு மட்டும் இல்ல, கில்ட்டுக்கும் அதே சட்டம்தான். கை வெக்கறதுக்கு அதுக்கு முன்னாடியே சட்டம் இருக்கு, வெச்சது ஆம்பளையா பொம்பளையான்னு அது பாக்காது. இன்னொரு தடவ நடந்தா கையத் தட்டிவிட்டு எல்லாருக்கும் கேக்கற மாதிரி "தொடாதீங்க"ன்னு சொல்லு, கல்யாண வீடுன்னு பாக்காத.

இப்ப உனக்கு உண்மையிலயே குத்தின விஷயத்துக்கு வரேன். "நீ ஸ்காட்லாந்துக்காரனே இல்லையே, இது எதுக்கு உனக்கு"ன்னு ஒருத்தன் கேட்டான்ல. நீ ரெண்டு நாள் கழிச்சு மெதுவா அதச் சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சுது. இங்க கிளாஸ்கோல பொறந்து, இங்க ஸ்கூலுக்குப் போய், கேய்லின்னு இங்க கூட்டமா ஆடற நாட்டுப்புற டான்ஸ் கத்துக்கிட்டு, மழையில நனைஞ்சு வளந்த புள்ள நீ. கில்ட்ட யார் போடலாம் யார் போடக்கூடாதுன்னு இன்னைக்கு எந்தச் சட்டமும் கெடையாது. உனக்கு 21 வயசுல நாங்க தச்சுக் குடுத்தது கிளாஸ்கோ டார்ட்டன், அது எந்த குலத்துக்கும் சொந்தமில்ல, ஊரோட டார்ட்டன், அத ஏன் தேர்ந்தெடுத்தோம்னு உனக்கே தெரியும். சீக்கியருங்க தங்களுக்குன்னு சிங் டார்ட்டனே வெச்சிருக்காங்க. உன்ன மாதிரியே கிளாஸ்கோல பொறந்த ஹம்சா யூசஃப் 2016ல எடின்பரோ பார்லிமெண்ட்ல கில்ட் போட்டுக்கிட்டு உருதுல பதவிப் பிரமாணம் எடுத்தாரு, அப்புறம் ஸ்காட்லாந்து அரசாங்கத்துக்கே தலைவரா, ஃபர்ஸ்ட் மினிஸ்டரா ஆனாரு.

இதுவும் தெரிஞ்சுக்க. ஹைலேண்ட்ஸ்னு சொல்ற ஸ்காட்லாந்து மலைப்பக்கத்துக்காரங்க கலகம் பண்ணித் தோத்த கல்லோடன் சண்டைக்கப்புறம் லண்டன் அரசாங்கம் 1746ல ஒரு சட்டம் போட்டு, 1747 ஆகஸ்ட்ல இருந்து ஸ்காட்லாந்துல கில்ட் போட்ட ஆம்பளைங்களுக்கு மொத தடவ ஆறு மாசம் ஜெயில், ரெண்டாவது தடவ ஏழு வருஷம் நாடு கடத்தல்னு வெச்சுது, பட்டாளத்துல இருந்தவங்களுக்கு மட்டும்தான் விலக்கு. 1782லதான் அத எடுத்தாங்க. இவ்ளோ பட்டு மிச்சமான துணி அது. நம்ம பக்கமும் ரொம்ப ஒசத்தி இல்ல, சென்னையில 2014ல வேட்டி கட்டிட்டு வந்த ஹைகோர்ட் ஜட்ஜையே ஒரு கிளப்ல உள்ள விடல, அப்புறம் அதுக்குன்னு தனிச் சட்டமே போட வேண்டியதாச்சு. அப்பாவுக்கு அத நெனச்சா இன்னும் கோவம் வரும். சொந்த ஊர்லயே சொந்த உடுப்புக்கு இந்த கதின்னா, ட்ரெயின்ல ஒருத்தன் மொறைக்கறது உன்னோட கொறை இல்லன்னு புரியுதா?

உடுத்தறதுல ரெண்டு விஷயம் கவனிச்சுக்க, ஏன்னா உடம்புல துணி ஒழுங்கா நின்னாதான் மனசும் ஒழுங்கா நிக்கும், புடவை கட்டறவ சொல்றேன் நம்பு. நீளம் முட்டியோட மேல் பக்கம் தொட்டாப் போதும், அதுக்குக் கீழ எறங்கினா தொளதொளன்னு தெரியும். உக்காரும்போது பின்பக்கக் கொசுவத்த ரெண்டு கையாலயும் நீவிவிட்டு உக்காரு, முன்னாடி தொங்கற பை, அந்த ஸ்போரன், மடியில நடுவுல விழட்டும், எதிர்ல உக்காந்தவன் எப்படிப் பாத்தாலும் ஒண்ணும் தெரியாது. பின்னூசிய வெளி மடிப்புல மட்டும் குத்து, ரெண்டு மடிப்பையும் சேத்துக் குத்தினா துணி கிழியும். உன்னோடது 16 அவுன்ஸ் கம்பளி, காத்துக்கெல்லாம் சுலபமா தூக்காது. நண்பருங்க நாலு பேரு கில்ட் போட்டா சேந்தே கெளம்புங்க, தனியா வர்றவனத்தான் வம்புக்கு இழுப்பாங்க.

இவ்ளோ சொல்லியும் ஒரு நாளு உனக்கு முடியல, அலுப்பா இருக்கு, எவன் பார்வையும் வேண்டாம்னு தோணினா சூட் போட்டுக்கோ, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவங்களுக்குப் பயந்து போடாத, அவ்ளோதான் எனக்கு வேணும்.

அடுத்த மாசக் கல்யாணத்துக்கு ஃபிளைட்லதான போற, காலுறையில சொருகற அந்தக் கத்திய செக்-இன் பெட்டியில போட்டுடு, கையில வெச்சிருந்தா செக்யூரிட்டியில புடுங்கிப்பாங்க. காலுறை மடிப்புக்குக் கீழ தொங்கற ரிப்பன், அந்த ஃபிளாஷ், புதுசா வாங்கணும்னு அப்பா நிக்கறாரு, பச்சையா நேவியான்னு இன்னைக்கே சொல்லு, வெள்ளிக்கிழமை போஸ்ட் பண்ணிடறோம்.

அம்மா