சோற்றுக்காக வந்த பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வார இதழில் எங்கள் பேட்டை கார்ப்பரேஷன் தொடக்கப் பள்ளியைப் பற்றி நான்கு பக்கம் போட்டிருந்தீர்கள். சந்தோஷம். எத்தனையோ வருஷமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறேன், குடிசை தீப்பிடித்தால் தவிர எங்கள் பக்கம் உங்கள் ஆட்கள் வந்து பார்த்ததில்லை. அதனால் கடையில் இரண்டு பிரதி கேட்டு வாங்கினேன், ஒன்று எனக்கு, ஒன்று என் மருமகளுக்கு. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி வந்தது: "பெரும்பாலான பிள்ளைகள் மதியச் சோற்றுக்காகவே இங்கே வந்தார்கள்." மருமகளின் பிரதி இன்னும் என்னிடமேதான் இருக்கிறது.

எழுதியவர் சின்ன வயதுக்காரர் போலிருக்கிறது. அவரை ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் படித்துப் பார்த்துத்தானே அச்சுக்கு விட்டிருப்பீர்கள்?

நான் அந்தப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். அப்புறம் அங்கேயே சத்துணவு அமைப்பாளராக 36 வருஷம் இருந்தவள். 1982 ஜூலையில் கிராமங்களில் தொடங்கிய திட்டம், அதே வருஷம் செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று நகரத்துக்கு வந்தது. அன்றைக்கு எங்கள் பள்ளியில் முதல் அண்டாவை அடுப்பில் ஏற்றியபோது பக்கத்தில் நின்றவள் நான். பிள்ளைக்கு 100 கிராம் அரிசி. அந்தக் கணக்கை எந்தத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆகவே யார் சோற்றுக்காக வந்தார்கள், யார் எதற்காக வந்தார்கள் என்று பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

சோற்றுக்காகவே வந்தவன் தின்றதும் தட்டைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டுமல்லவா? எங்கள் பிள்ளைகள் போகவில்லை. மதியம் நான் இருப்புக் கணக்கு எழுதும் நேரத்தில் நான்காம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்வார்கள். அந்தச் சத்தம் சமையல் கூடம் வரை வரும். எனக்குப் பதினாறாம் வாய்ப்பாடு மனப்பாடம் ஆனதே அப்படித்தான். நான் மாணவியாக இருந்தபோது டீச்சர் அடித்தும் வராத வாய்ப்பாடு அது.

உங்கள் கட்டுரை, பள்ளியில் சோறு போட்ட கதையைக் காமராஜரிலிருந்து தொடங்குகிறது. அவர் 1956-ல் செய்தது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் எழுத எடுத்துக்கொண்டது சென்னைக் கார்ப்பரேஷன் பள்ளி ஆயிற்றே. உங்களுக்குத் தெரியாததா? தினமும் தி.நகர், தி.நகர் என்கிறோமே, அந்தத் தியாகராயர் கார்ப்பரேஷன் தலைவராக இருந்த காலத்தில், 1920-ல், ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு டிபன் கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். பிள்ளை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் ஆகக் கூடாது என்று கண்டிப்பு. பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். அந்த ஐந்திலும் 1922-23-ல் 811 பிள்ளைகள் படித்தார்கள். 1924-25-ல் 1671 பிள்ளைகள். இரண்டே வருஷத்தில் இரண்டு மடங்கு. 1925-ல் வெள்ளைக்கார அரசாங்கம், தொடக்கக் கல்விக்கு வைத்த பணத்தில் டிபன் செலவு கூடாது என்று நிறுத்திவிட்டது. அப்போதும் யாராவது ஒரு துரை, 'டிபனுக்குத்தானே வருகிறார்கள்' என்று ஃபைலில் குறித்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நூறு வருஷம் கழித்து, 2022-ல், அதே செப்டம்பர் 15-ல் மதுரையில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் காலைச் சிற்றுண்டி தொடங்கினார்கள். நீங்கள்கூடப் பாராட்டித் தலையங்கம் எழுதினீர்கள். படிப்புக்கான திட்டம் என்றீர்கள். நல்லது, அப்படித்தான் எழுத வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளை உப்புமா தின்றால் படிப்புக்காக, எங்கள் காலத்துப் பிள்ளை சோறு தின்றால் சோற்றுக்காகவா?

1989-ல் முட்டை வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒன்று. பள்ளியிலேயே சாப்பிட வைக்க வேண்டும், வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது என்பது விதி. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் வெள்ளையை மட்டும் தின்றுவிட்டுக் கையை டிராயர் பையில் விட்டுக்கொண்டே நிற்பான். ஒரு நாள் பையை வெளியே இழுத்துப் பார்த்தேன். மஞ்சள் கரு பொடிப்பொடியாக ஒட்டிக்கிடந்தது, கூட ஒரு பலப்பத் துண்டு. தங்கச்சிக்காம். அவளுக்கு இன்னும் பள்ளியில் சேர்க்கும் வயது ஆகவில்லை. விதிப்படி நான் அவனைக் கண்டித்திருக்க வேண்டும். அப்புறம் முட்டை நாளில் அவன் கையில் ஒரு வாதாம் இலையைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து வரிசையைப் பார்க்கப் போய்விடுவேன். ஓய்வு பெற்றுவிட்டதால் இதை இப்போது எழுதலாம் என்று நினைக்கிறேன்.

உங்கள் கட்டுரைக்காரர் கடைசிப் பக்கத்தில், பள்ளியில் பிள்ளைகள் குறைந்துபோனதற்கு ஆங்கில மீடியம் மோகமும் பெற்றோரின் அக்கறையின்மையும் காரணம் என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார். மோகம் உண்டு. பக்கத்துத் தெரு டிரைவர் சீட்டுப் பணத்தை எடுத்துத்தான் மகனுக்கு கான்வென்டில் ஃபீஸ் கட்டினார், நானே பார்த்தேன். ஆனால் எங்கள் பள்ளிக்குப் பிள்ளைகள் வந்ததெல்லாம் கூவம் கரையோரக் குடிசைகளிலிருந்து. அந்தக் குடிசைகள் எங்கே போயின என்று உங்கள் ஆள் யாரையும் கேட்கவில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தக் கரை ஜனம் முழுவதும் எங்கள் பள்ளிக்குள் வந்து தங்கியது. பெஞ்சை ஒன்றோடொன்று சேர்த்துப் போட்டுக் குழந்தைகளைப் படுக்க வைத்தார்கள். மெட்ராஸ் டெரஸ் கூரை, பழைய கட்டடம், இரண்டு இடத்தில் மட்டும்தான் ஒழுகியது. பள்ளி அடுப்பிலேயே சமைத்துப் போட்டோம். எங்களிடம் சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் அதே வராந்தாவில் தட்டேந்தி உட்கார்ந்து படித்தவர்கள்தான். "டீச்சர், அந்த ருசி அப்படியே இருக்கு" என்றாள் ஒருத்தி. நான் டீச்சர் இல்லை, அமைப்பாளர். அவர்களுக்கு எல்லாரும் டீச்சர்தான்.

அதற்கப்புறம் லாரிகள் வந்தன. அரையாண்டுத் தேர்வு நெருங்கும் சமயம். சட்டி பானை, டி.வி., ஆடு எல்லாம் ஏற்றி, நகரத்தின் தெற்கு ஓரத்தில் அரசாங்கம் கட்டிய பெரும்பாக்கம் குடியிருப்புக்குக் கொண்டுபோனார்கள். 2000-லேயே கொஞ்சம் பேரை இப்படித்தான் கண்ணகி நகருக்கு அனுப்பியிருந்தார்கள். பெரும்பாக்கம் இங்கிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல். நான் வெள்ளிக்கிழமை 92 பேருக்கு அரிசி அளந்தேன். திங்கட்கிழமை வந்தது 31 பேர். மிச்ச அரிசியை இருப்பில் காட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் 92 பேருக்கே உலை வைக்கச் சொன்னேன். மூன்றாம் நாள் நான்கு பிள்ளைகள் பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தார்கள். அம்மாக்கள் நாலு மணிக்கு எழுந்து கிளப்பி அனுப்பியிருக்கிறார்கள். அக்கறையில்லாத பெற்றோர் என்று நீங்கள் எழுதினீர்களே, அவர்கள்தான். இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்தது சாம்பார் சாதத்துக்காக என்று நீங்கள் நினைத்தால் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

லாரி வந்ததைப் பற்றி அப்போதே உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இடமில்லாமல் போயிருக்கும். பரவாயில்லை. சத்துணவில் பல்லி விழுந்தால் முதல் பக்கத்திலேயே இடம் கிடைக்கிறது. எங்கள் பள்ளியில் 36 வருஷத்தில் ஒரு பல்லியும் விழவில்லை, செய்தியும் வரவில்லை. ரொம்ப வருஷம் எங்களுக்குக் கொடுத்ததைச் சம்பளம் என்றுகூடச் சொன்னதில்லை, தொகுப்பூதியம் என்றார்கள். அதை இந்தக் கடிதத்தில் இழுக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

பலகையில் 'சென்னைப் பள்ளி' என்று மாற்றி எழுதினார்கள். பேட்டையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இன்றைக்கும் ஓட்டுச் சாவடி அங்கேதான், மழை வந்தால் முகாமும் அங்கேதான். பெரும்பாக்கத்திலிருந்து ஓட்டுப் போட வந்தவர்கள் சிலர், பெயர் பட்டியலில் இல்லை என்று சொன்ன பிறகும் போகாமல் வராந்தாவில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, நான் எழுத வந்தது வேறு. நீங்கள் போட்ட ஆண்டு விழாப் படத்தில் வலது ஓரத்தில் கரண்டியோடு ஒரு அம்மா நிற்கிறார். கீழே "பள்ளி ஆயா" என்று போட்டிருக்கிறீர்கள். அவர் ஆயா இல்லை, சமையலர். 1982-ல் அந்த முதல் அண்டாவை இறக்கியவர், 22 வருஷம் ஒரு நாள்கூடக் குழைய விடாமல் வடித்தவர். இப்போது உயிரோடு இல்லை. பேரன் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வீட்டில் மாட்டியிருக்கிறான், கீழே அச்சான எழுத்து மட்டும் வராமல் மடித்து. அடுத்த இதழில் ஒரே ஒரு வரி, சின்ன எழுத்தில் இருந்தாலும் போதும், திருத்தம் போட வேண்டுகிறேன். அவர் பெயரைத் தனித் தாளில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். பெயரின் நடுவில் வருவது வல்லின 'ற'. அதை மட்டும் கவனித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
சென்னை.