விளக்கம் கேட்காமல் வேலையைப் பறிக்காதீர்கள்: அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். அரச ஊழியர்களுக்கான விதிகள் அடங்கிய தாபன விதிக்கோவையின் ஐந்தாம் அத்தியாயத்தை நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. லீவு அனுமதி இல்லாமல் வேலைக்கு வராத உத்தியோகத்தர், வராத நாளிலிருந்தே தன் பதவியை வெறிதாக்கியவராக, அதாவது வேலையைத் தானே விட்டுப் போனவராக, கருதப்படுவார். அதைப் பதிவுத் தபாலில் அவருக்கு அறிவிக்க வேண்டும். அவர் விளக்கம் தந்தால் ஒழுக்காற்று அதிகாரி அதைப் பரிசீலிக்க வேண்டும். நியாயமான காரணம் இருந்தால், தண்டனையோடோ தண்டனை இல்லாமலோ அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கலாம். இதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. நடப்பது என்ன என்று சொல்லத்தான் இந்த மடல்.

என் அண்ணன் கொழும்பில் ஒரு அரச திணைக்களத்தில் பதினைந்து வருடத்துக்கு மேலாக அலுவலக உதவியாளர். எங்கள் அப்பா ஹட்டன் பக்கம் தோட்டத்தில் இருந்தார். அவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் இரவு துணைக்கு ஆண்தான் நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் அண்ணனை விட்டால் ஆண் துணை இல்லை. அவர் அன்றிரவே பஸ் ஏறினார்.

போன மறுநாள் காலையிலேயே தன் லீவு விடயத்தைப் பார்க்கும் உத்தியோகத்தருக்கு ஃபோன் எடுத்தார். "சரி, அப்பாவைப் பாருங்க, வந்த பிறகு ஃபோம் போட்டுக்கலாம்" என்று அவர் சொல்லியிருக்கிறார். அரச ஊழியருக்கு வருடத்துக்கு 21 நாள் அமய லீவும் 24 நாள் ஓய்வு லீவும் உண்டு. அண்ணன் அதில் பாதிகூட எடுத்திருக்கவில்லை. லீவு கையில் இருந்தது, லீவு கேட்கும் பொது 125அ படிவம் மட்டும் மேசைக்குப் போகவில்லை. அதற்கிடையில் அந்த உத்தியோகத்தருக்கு இடமாற்றம் வந்துவிட்டது. புதிதாக வந்தவருக்கு எதுவும் தெரியாது. அவர் வரவுப் பதிவேட்டைப் பார்த்தார், ஆள் இல்லை, கடிதம் புறப்பட்டுவிட்டது.

அந்தக் கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்தது. அண்ணன் சிங்களம் சரளமாகப் பேசுவார், வாசிக்கத் தெரியாது. அண்ணிக்குப் பேசவும் தெரியாது. அவர் தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி, கடன் தவணை சம்பந்தமான கடிதம் என்று நினைத்து, லைட் பில்லும் தண்ணி பில்லும் வைக்கும் ஃபைலுக்குள் வைத்துவிட்டார். இரவில் ஃபோனில் சொன்னபோது அண்ணன், "லீவு விஷயமா இருக்கும், வந்து பார்க்கிறேன்" என்றார். பதவியே போய்விட்டது என்று சொல்லும் கடிதம் அது என்று அவர்கள் இருவருக்கும் தெரியவில்லை.

அப்பாவை ஒருவாறு உட்கார வைத்து, கொழும்புக்கு என் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்த பிறகு அண்ணன் வேலைக்குப் போனார். விரலடையாள மெஷினில் விரலை வைத்தார். அது ஏற்கவில்லை. சேர்ட்டில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். பின்னால் வரிசையில் நின்ற சக ஊழியர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, காவலாளி வந்து, "உங்கட பேர் எடுத்தாச்சு, நிருவாகக் கிளைக்குப் போங்க" என்றார். பதினைந்து வருடம் அந்தக் கட்டடத்தின் கதவைத் திறந்துவிட்ட மனிதர், தன் வேலை போனதை வாசலில் நின்றுதான் தெரிந்துகொண்டார்.

பிறகு விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எழுத்தில், சிங்களத்தில். பக்கத்தில் போட்டோகொப்பிக் கடையில் காசு கொடுத்து டைப் பண்ணிக்கொண்டார். அவசரத்தில் அந்தப் பையன் 'தனிப்பட்ட காரணங்களினால்' என்று ஒரே வரியில் முடித்திருக்கிறான். பாரிசவாதம் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, ஃபோன் எடுத்தது இல்லை. அண்ணன் தன்னால் வாசிக்க முடியாத விளக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆஸ்பத்திரித் துண்டைக் கையில்தான் வைத்திருந்தார், அதை இணைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. விளக்கம் ஏற்கத்தக்கதல்ல என்று பதில் வந்தது. அதுவும் சிங்களத்தில்.

இதோடு நின்றிருந்தால் மேன்முறையீடு செய்துவிட்டு அமைதியாகக் காத்திருந்திருப்போம். போன வாரம் நடந்ததுதான் என்னை எழுத வைத்தது.

அண்ணன் வீட்டுக் கூரை மாற்ற அரச ஊழியருக்குக் கிடைக்கும் இடர்கடன் எடுத்திருந்தார். அதற்கு அதே திணைக்களத்தில் வேலை செய்யும் இரண்டு பேர் பிணை நின்றார்கள். ஒருவர் அவரைப் போலவே உதவியாளர், மற்றவர் சாரதி. அண்ணன் பதவியை வெறிதாக்கியதால் மீதிக் கடனை அவர்களுடைய சம்பளத்தில் அறவிடப் போவதாக இருவருக்கும் கடிதம் போயிருக்கிறது. அந்த உதவியாளர் வேலை முடிந்து நேரே அண்ணன் வீட்டுக்கு வந்தார். சிங்களவர், அண்ணனோடு ஒரே நாளில் சேவையில் சேர்ந்தவர், பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு இரண்டு குடும்பமும் போய் வரும். அன்றைக்கு அவர் உட்காரவில்லை. அண்ணி தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தார், வாங்கவில்லை. கோபமாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கடிதத்தை நீட்டி, மகளுக்கு டியூஷன் காசு கட்ட வேண்டும், கழித்தால் கையில் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்ட துண்டையும் காட்டினார். அண்ணன் தலை குனிந்து நின்றார். வேலை போன நாளில்கூட அவர் அழுததை நான் பார்க்கவில்லை. அன்று அழுதார்.

ஐயா, அம்மா, அந்த மனிதர் செய்த குற்றம் என்ன? கூட வேலை செய்கிறவரை நம்பிக் கையெழுத்துப் போட்டதா? விசாரிக்காமல் எடுத்த முடிவு ஒருவரோடு நிற்பதில்லை, அடுத்த வீட்டு அடுப்பு வரைக்கும் போகிறது. அதனால்தான் கேட்கிறேன்: வேலையைப் பறிப்பதற்கு முன் விளக்கத்தைக் கேளுங்கள். அவருக்குப் புரியும் மொழியில் கேளுங்கள்.

இன்னொன்றையும் நேராகவே சொல்லிவிடுகிறேன். அரச சொத்தைத் திருடினார் என்று ஒருவர் மீது குற்றம் வந்தால் பூர்வாங்க விசாரணை உண்டு, குற்றச்சாட்டுப் பத்திரம் உண்டு, முறைசார் விசாரணை உண்டு, அவருக்காகப் பேச ஒருவரை அழைத்து வரவும் இடம் உண்டு. சரிதான், இருக்க வேண்டும். ஆனால் வேலைக்கு வராதவரை யாரும் நீக்குவதாகவே கணக்கில்லை, அவரே விட்டுவிட்டுப் போனதாகக் கணக்கு. அதனால் அவருக்கு இவை எதுவும் கிடைப்பதில்லை. திருடியவருக்குக் கிடைக்கும் விசாரணை, தகப்பனுக்கு மலசலம் எடுத்தவருக்கு இல்லை. விட்டுப் போகும் எண்ணம் ஒருவருக்கு இருந்ததா என்று பார்க்காமல் பதவியை வெறிதாக்கினார் என்று முடிவு செய்ய முடியாது என்பதை, அரச பொறியியல் கூட்டுத்தாபனம் சம்பந்தப்பட்ட வழக்கொன்றில் 1996-லேயே மேன்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. போன மறுநாள் காலையிலேயே கந்தோருக்கு ஃபோன் எடுத்துச் சொன்னவருக்கு வேலையை விடும் எண்ணம் எங்கிருந்து வந்தது?

இந்த ஏற்பாடு எதற்கெல்லாம் பயன்பட்டது என்பது தொழிற்சங்கக்காரர்களுக்கு மறக்காது. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் இறங்கியவர்களைப் பதவியை வெறிதாக்கியவர்கள் என்று சொல்லித்தான் சுமார் 40,000 பேரை வீதிக்கு அனுப்பினார்கள். அதில் எத்தனையோ குடும்பங்கள் எழும்பவே இல்லை. பிறகு 2022-இல் நாடு டொலருக்குத் தவித்தபோது, அரச ஊழியர்கள் வெளிநாடு போய் உழைக்க ஐந்து வருடம் வரை சம்பளமற்ற லீவு தரலாம், சேவை மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்காது என்று சுற்றறிக்கை வந்தது. வீட்டுத்தோட்டம் செய்ய வெள்ளிக்கிழமை லீவும் கொடுத்தார்கள். அதைக் குறை சொல்லவில்லை, அன்றைய நிலைமை அப்படி. அரசுக்கு முடை வந்தால் விதி வளைகிறது என்றால், ஊழியரின் வீட்டில் ஒருவர் விழுந்தாலும் கொஞ்சம் வளையத்தானே வேண்டும்?

சொல்லாமல் வராமல் இருப்பவர்களைத் தண்டிக்கக் கூடாது என்று நான் எழுத வரவில்லை. நானும் அரச அலுவலகங்களுக்கு அலைகிறவள்தான். காலையில் விரலை வைத்துவிட்டுக் காணாமல் போகிறவர்களையும், வெறும் கதிரைக்கு முன்னால் கைக்குழந்தையோடு காத்திருக்கும் பெண்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் மீது நடவடிக்கை எடுங்கள், உங்களுக்கு நன்றி சொல்வேன். அவர்களுடைய பெயர் பதிவேட்டில் இருப்பதால் எந்தக் கடிதமும் அவர்களைத் தேடிப் போவதில்லை என்பதுதான் வயிறு எரிகிறது. என் அண்ணன் படிவம் அனுப்பாதது பிழை. அதற்கு எச்சரிக்கை கொடுங்கள், அந்த நாட்களின் சம்பளத்தை வெட்டுங்கள், சம்பள ஏற்றத்தை நிறுத்தி வையுங்கள். ஏற்றுக்கொள்வார். பதினைந்து வருடச் சேவையையும் பென்ஷனையும் ஒரு படிவத்துக்காகத் துடைத்துவிடாதீர்கள்.

மொழி விடயத்தில் நான் சலுகை கேட்கவில்லை. சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதியிலும் ஒருவர் அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தந்திருக்கிறது. 2007 ஜூலைக்குப் பிறகு சேவையில் சேர்ந்தவர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கையும் வந்தது. அப்படியிருக்க, தலைநகரத்துத் திணைக்களம் ஒன்றில் ஒரு பக்கக் கடிதத்தைத் தமிழில் எழுத ஆள் இல்லையா? இது தேநீர் விருந்துக்கு அழைக்கும் கடிதம் இல்லை, ஒரு குடும்பத்தின் சோற்றைப் பற்றிய கடிதம். அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் அவகாசம். வாசிக்கத் தெரியாத கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டிருப்பவருக்கு அந்த ஒரு மாதம் எப்படிப் போகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கோபத்தில் எங்கேயாவது வார்த்தை கடுமையாக வந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சிற்றூழியர்கள் மீதான ஒழுக்காற்று அதிகாரத்தைத் திணைக்களத் தலைவர்களிடம் கொடுத்து வைத்திருப்பது உங்கள் ஆணைக்குழு. அது எப்படிப் பயன்படுகிறது என்று பார்க்கும் பொறுப்பும் உங்களுடையது. ஆகவே பணிவாகக் கேட்கிறேன். பதவி வெறிதாக்கல் அறிவித்தல் ஒவ்வொன்றும் அந்த ஊழியரின் மொழியிலும் போக வேண்டும் என்று எல்லாத் திணைக்களங்களுக்கும் எழுத்தில் பணித்துவிடுங்கள். முடிவை உறுதி செய்வதற்கு முன் ஆளைக் கூப்பிட்டு, அவர் வாயால் சொல்வதை ஒரு தடவையாவது கேட்கச் சொல்லுங்கள். மேன்முறையீடு முடியும் வரை பிணையாளிகளின் சம்பளத்தில் கைவைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அடுத்த சம்பளத்துக்கு முன் இது ஒன்றாவது நடந்தால் அந்தச் சிங்கள நண்பரின் பிள்ளைக்கு டியூஷன் நிற்காது.

அண்ணனின் மேன்முறையீடு உங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இந்த முறை தமிழில் எழுதி, ஆஸ்பத்திரித் துண்டையும் ஃபோன் பில்லையும் இணைத்திருக்கிறோம். தயவுசெய்து அதைப் பரிசீலித்து, அவரை நேரில் கூப்பிட்டு விசாரித்து, பதிலைத் தமிழில் அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
அந்த உதவியாளரின் தங்கை
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13