வாசகசாலை இணையதளத்துக்கு லட்ச ரூபாய் சர்வர் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் பக்கத்து ஊர் வாசகசாலைக்காரர்கள் தங்கள் நூல் பட்டியலையும் பழைய விழா மலர்களின் படங்களையும் சொந்த சர்வரில் (கேட்பவர்களுக்குப் பக்கங்களை எடுத்துக் கொடுக்க எப்போதும் ஓடும் கணிப்பொறியில்) வைத்து இணையத்தில் போட முடிவு செய்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் ஒரு நிறுவனம் கொடுத்த விலைப்புள்ளியைக் காட்டினார்கள்: ரேக்கில் மாட்டும் சர்வர், இரட்டை பவர் சப்ளை, அதை வைக்க ஏசி அறை. தொகை லட்சத்தைத் தாண்டுகிறது. பாலிடெக்னிக் கணிப்பொறி ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இவ்வளவு வேண்டாம் என்று சொன்னேன். "அண்ணே, கம்பெனிக்காரன் தெரியாமலா எழுதுவான்?" என்றார்கள். அச்சில் வந்தால் ஒருவேளை கேட்பார்கள் என்றுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரே நேரத்தில் எத்தனை பேர் பார்ப்பார்கள் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். வாசகசாலைப் பட்டியலை ஒரு நிமிடத்தில் பத்துப் பேர் திறந்தாலே அன்றைக்குத் திருவிழாதான். எழுத்தும் படமும் உள்ள பக்கத்தை எடுத்துக் கொடுப்பது இன்றைய கணிப்பொறிக்கு ஒரு வேலையே இல்லை. 1990-இல் ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ ஓட்டிய உலகின் முதல் வெப் சர்வர் ஒரு நெக்ஸ்ட் கணிப்பொறி. அதன் வேகம் 25 மெகாஹெர்ட்ஸ். யாராவது நிறுத்திவிடப் போகிறார்களே என்று "இது சர்வர், அணைக்காதீர்கள்" என்று சிவப்பு மையில் எழுதி அதன்மேல் ஒட்டியிருந்தார். சர்வருக்கு வேண்டிய முதல் தகுதி அந்தச் சீட்டில் உள்ளதுதான்.

அணையாமல் ஓடுகிறது என்றால் மின்சாரக் கணக்கைப் பார்க்க வேண்டும். 100 வாட் இழுக்கும் பெட்டி ஒரு நாளைக்கு 2.4 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 144 யூனிட், வருடத்துக்கு 876 யூனிட் சாப்பிடும். வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-இல் சலுகை வந்ததே, அது முழுவதையும் இந்தப் பெட்டி ஒன்றே விழுங்கிவிட்டு மேலும் கேட்கும். 10 வாட் இழுக்கும் பெட்டிக்கு அதே இரண்டு மாதத்தில் 14.4 யூனிட் போதும். யாராவது பழைய டவர் சர்வரைச் சும்மா தருகிறேன் என்றாலும் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுக் கை நீட்டுங்கள். ஏசிக்கு ஆகும் யூனிட் தனி. எனக்குக் காட்டிய விலைப்புள்ளியில் கரண்ட் பில் பற்றி ஒரு வரி இல்லை.

சரி, எதை வாங்குவது? என் கட்சி செகண்ட் ஹேண்ட் மினி பிசி. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு முடிந்தது. ஏழாம் தலைமுறை இன்டெல் சிப்பும் அதற்கு முந்தையவையும், ஒன்றிரண்டைத் தவிர, விண்டோஸ் 11 ஏற்கும் சிப்புகளின் பட்டியலில் இல்லை. அதனால் அலுவலகங்கள் நல்ல நிலையில் உள்ள பெட்டிகளையே கழித்துவிடுகின்றன. டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்பி எலைட்டெஸ்க் மினி என்று ஒரு தடித்த புத்தகம் அளவில் இருக்கும். விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டால் இவை இன்னும் பல வருடம் உழைக்கும். சும்மா இருக்கும் நேரத்தில் சுமார் 10 வாட்தான் இழுக்கும். 8 ஜிபி ராம் தாராளம். இடித்த வீட்டின் பர்மாத் தேக்குக் கதவை வாங்கி வந்து புது வீட்டில் மாட்டுகிற ஊர் நம்முடையது. பழையது என்று இதற்கு மட்டும் ஏன் முகம் சுளிக்க வேண்டும்? கடையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பயாஸில் (பெட்டியைப் போட்டதும் முதலில் இயங்கும் அடிப்படை அமைப்பில்) பழைய முதலாளியின் பாஸ்வேர்டு இருந்தால் வாங்காதீர்கள். கரண்ட் போய்த் திரும்பியதும் தானாக இயங்கும்படி வைக்கும் வசதி அந்த பயாஸில்தான் இருக்கிறது.

ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணிப்பொறிப் பலகையைப் பையன்கள் சிபாரிசு செய்வார்கள். 2012-இல் 35 டாலர் விலையில் வந்ததால் மலிவு என்ற பெயர் அதற்கு இன்னும் நிற்கிறது. மின்செலவு மிகக் குறைவு, மறுக்கவில்லை. ஆனால் அடாப்டர், கூடு, விசிறி, தகவலைச் சேமிக்க எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்துக் கூட்டினால் மினி பிசி விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். மெமரி கார்டிலேயே ஓட்டலாம் என்பார்கள். சர்வர் ஓயாமல் பதிவு எழுதிக்கொண்டே இருக்கும். அந்தக் கார்டு அதற்குத் தாங்காது.

அப்புறம், பிள்ளைகள் படித்து முடித்துப் பரணில் போட்ட லேப்டாப். 2011 முதல் அரசு கொடுத்ததே பல வீடுகளில் கிடக்கிறது. பேட்டரி உயிரோடு இருந்தால் யுபிஎஸ் செலவு மிச்சம். உப்பியிருந்தால் உடனே கழற்றி அப்புறப்படுத்துங்கள், அது தீப்பிடிக்கும் சமாச்சாரம். சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கும் காரைக்குடிப் பக்கத்துக்காரர்களுக்கு பேட்டரி பற்றி நான் பாடம் எடுக்கத் தேவையில்லை.

மிச்சம் பிடித்த பணத்தில் கொஞ்சத்தை வயரிங்கில் போடுங்கள். நம் பழைய வீடுகளில் பல அறைகளுக்கு எர்த் கிடையாது. சுவரின் கனத்துக்கு வைஃபை இரண்டாம் கட்டுக்குப் போய்ச் சேராது; லேன் கேபிள் இழுப்பதுதான் வழி. மாடி அறை வேண்டாம், சித்திரையில் அடுப்பாகிவிடும். கீழே பட்டாலையை ஒட்டிய அறையே போதும், ஏசி தேவைப்படாது. இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோட் இருந்தால் அதில் வையுங்கள். ரவுட்டரையும் அதே இன்வெர்ட்டரில் சேர்க்க வேண்டும். கரண்ட் போகும்போது சர்வர் மட்டும் விழித்திருந்து யாருக்கு லாபம்? எல்லாவற்றுக்கும் ஒரு நகலை வெளி டிஸ்கில் எடுத்து வேறொருவர் வீட்டில் வைத்துவிடுங்கள்.

இவை எதையும் வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ரவுட்டருக்குள் போய் வெளிப்பக்க ஐபி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். வெளியிலிருந்து வருபவர் நேராக உங்கள் பெட்டியை எட்ட முடியாது. நிலையான ஐபி தனிக் கட்டணத்துக்குக் கிடைக்குமா என்று இணைப்புக்காரரிடம் கேளுங்கள். அந்த மாதக் கட்டணம் வெளியே ஒரு சின்ன விபிஎஸ் (ஒரு நிறுவனத்தின் சர்வரில் நமக்கென்று ஒதுக்கும் பங்கு) வாடகைக்கு எடுக்கும் செலவை எட்டினால், பேசாமல் வாடகைக்கே போய்விடலாம். உறுப்பினர் சந்தாவை இணையத்திலேயே வசூலிக்கும் எண்ணம் இருந்தாலும் அப்படித்தான். பிறர் பணமும் முகவரியும் புழங்கும் சர்வரை வீட்டு அறையில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் ஆய்வக உதவியாளர்,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்.