கவுன்சிலரே வேண்டாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பேரூராட்சிக்குத் தலைவர், கவுன்சிலர் எல்லாம் தண்டம், செயல் அலுவலர் ஒருவரே போதும் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அந்த லட்சணத்தைத்தான் பார்த்துவிட்டோமே! 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, அப்புறம் வழக்கு, வார்டு மறுவரையறை என்று இழுத்து இழுத்து 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நகர்ப்புறத்தில் ஓட்டுப் போட்டோம். அதுவரை எங்கள் ஊரில் செயல் அலுவலரே தனி அலுவலர், அதாவது மன்றத்தின் அதிகாரமும் அவர் கையில்தான். தீர்மானம் வைப்பவரும் அவர், நிறைவேற்றுபவரும் அவர். போதாக்குறைக்குப் பக்கத்துப் பேரூராட்சி வேறு கூடுதல் பொறுப்பு.

அவரைக் குறை சொல்லவில்லை. பில் கலெக்டர் இடம் காலி, பிறப்புச் சான்றிதழிலிருந்து சந்தை ஏலம் வரை ஒரே இளநிலை உதவியாளர் என்றால் மனுஷன் என்னதான் செய்வார்?

ஆனால் தண்ணீர் விஷயத்தைப் பாருங்கள். கூட்டுக் குடிநீர் குறைவாக வருகிற நாளில் டேங்க் பாதிதான் நிரம்பும். பள்ளத்துத் தெருவுக்கு முதலில் வால்வைத் திறந்துவிட்டால் மேட்டுத் தெருவுக்குச் சொட்டுகூட ஏறாது. தனி அலுவலர் காலம் முழுக்க இதுதான் நடந்தது, மனு கொடுத்தால் "சார் மீட்டிங் போயிருக்கார்" என்பார்கள். இப்போதைய வார்டு உறுப்பினர் அம்மா டேங்க் ஆபரேட்டரோடு நின்று முறையை மாற்றினார்: தண்ணீர் குறைகிற நாளில் மேட்டுக்குத்தான் முதல் திறப்பு. பைசா செலவில்லை, டெண்டர் இல்லை. (பல வார்டுகளில் பெண் கவுன்சிலரின் வீட்டுக்காரர்தான் கவுன்சிலர் மாதிரி சுற்றுகிறார் என்பதும் உண்மைதான், கமிஷனும் உண்டு, மறுக்கவில்லை.)

2022 ஏப்ரலில் சொத்து வரி ஏறியபோது கூட அந்த அம்மாவைத்தான் திட்டினோம். 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கும் 25 சதவீத உயர்வு என்று முடிவெடுத்தது அரசு, பேச்சு வாங்கியது வார்டு உறுப்பினர். திட்டுவதற்காவது தெருவில் ஓர் ஆள் இருந்தாரே, தனி அலுவலரை எங்கே போய்ப் பிடிப்பது?

2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றங்களின் காலம் 2027 மார்ச்சோடு முடிகிறது. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது, போன முறையும் அதே சட்டம்தான் இருந்தது. கவுன்சிலர் வேண்டுமா வேண்டாமா என்ற பட்டிமன்றத்தை விட்டுவிட்டு, வார்டு பட்டியலும் இடஒதுக்கீடும் எந்த நிலையில் இருக்கின்றன என்று மாநிலத் தேர்தல் ஆணையத்தைக் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈரோடு மாவட்டம்