ஆர்டர் போடுவதற்கு முன்னால் இதைப் படி

பாளையங்கோட்டை
மாசி 12

அன்புள்ள மாப்ளே,

ஐப்பசியில் நீ எழுதிய கடிதம் இன்னும் என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது. பதில் போடாதது என் தப்பு, அதற்குச் சாக்குச் சொல்ல மாட்டேன். அம்மா நன்றாக இருக்கிறாள். மூட்டு வலி மழைக்கு ஏறியது, இப்போது வெயிலுக்கு இறங்கியிருக்கிறது. பெரியவள் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிறாள், வீட்டில் டிவி கிடையாது. நம் வாத்தியார் ரிட்டையர் ஆன பிறகும் காலை 5 மணிக்கு எழுந்து யாரையாவது திட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

அவர்தான் நேற்று விஷயத்தைச் சொன்னார். நீ பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறாயாம். அலாய் வீல் வெள்ளிக் கொலுசு மாதிரி இருக்கிறதாம். கழுவி நாலு நாளில் முன் சக்கரம் இரண்டும் கரிச்சட்டி ஆகிவிடுகிறதாம். அதனால் தூசியே வராத பிரேக் பேட் ஒன்றை நெட்டில் பார்த்து வைத்திருக்கிறாயாம். அதை மாட்டிக்கொண்டு பங்குனி உத்திரத்துக்கு அம்பத்தூரிலிருந்து நேராக இங்கே வந்து, மறுநாளே குடும்பத்தோடு காரையாறு மலை ஏறப்போகிறாயாம். கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. போனில் சொன்னால் நீ ‘சரி சரி’ என்று கேட்டுவிட்டு உன் இஷ்டப்படிதான் செய்வாய். முறப்பநாட்டில் அன்றைக்கும் அதைத்தானே செய்தாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மார்கழிக் கடைசியில் எனக்கு நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை, உன் தங்கச்சியிடம்கூடப் பாதிதான் சொன்னேன். என் காரும் அதே கதைதான். ஜெர்மன் கார், செகண்ட் ஹேண்ட், வெள்ளி நிற அலாய். வாங்கின நாளிலிருந்து அந்த வீலைத் துடைப்பதே ஞாயிற்றுக்கிழமை வேலை ஆகிப்போனது. துணியை நனைத்துத் துடைத்தால் கை கறுத்துவிடும், வீலில் ஆரஞ்சுப் புள்ளி அப்படியே இருக்கும். வாட்டர் வாஷ் பையன் பாத்ரூம் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து அடித்தான். ஒரு வீலின் மேல்பூச்சு வெளுத்ததுதான் மிச்சம். அந்த எரிச்சலில் ஒரு கடைக்காரர் ‘செராமிக், தூசியே வராது’ என்று சொன்ன பேட்டை, கம்பெனி பேட்டின் பாதி விலைக்கு வாங்கி மாட்டினேன். தூசி உண்மையாகவே குறைந்தது, மாப்ளே. இரண்டு வாரம் வீல் பளபளவென்று இருந்தது. வருகிறவன் போகிறவனிடமெல்லாம் காட்டினேன்.

அப்புறம் ஆரியங்காவு போனோம். அம்மா, உன் தங்கச்சி, பிள்ளைகள் இரண்டு பேர், டிக்கி நிறையச் சாமான். சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது கோட்டைவாசல் தாண்டிப் புளியரைக்கு இறங்கும் அந்த வளைவுகள் உனக்குத் தெரியும். முன்னால் ஒரு காலி லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. நானும் மூன்றாம் கியரிலேயே பிரேக்கில் காலை வைத்தபடி வந்தேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. எஸ் வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் ஏதோ கருகிய வாடை வந்தது. லாரி கிளட்ச் என்று நினைத்தேன். அடுத்த தடவை மிதித்தபோது பெடல் கல் மாதிரி கெட்டியாக நிற்கிறது, வண்டி மட்டும் நிற்கவில்லை. இரண்டு காலையும் வைத்து அழுத்தியும் வேகம் குறைந்த மாதிரியே தெரியவில்லை. உடனே இரண்டாம் கியரைப் போட்டேன், இன்ஜின் அலறியது. ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப் பக்கத்து மண்ணில் ஒதுக்கி நிறுத்தினேன். லாரிக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கும் இடைவெளிதான் இருந்திருக்கும். அம்மா ‘ஏன்டா நிப்பாட்டினே, காபி குடிக்கவா’ என்று கேட்டாள். என் கை நடுங்கியதை அவள் பார்க்கவில்லை. முக்கால் மணி நேரம் அங்கேயே நின்று சூடு ஆறவிட்டு, முதல் கியரில் இறங்கிச் செங்கோட்டை வந்து சேர்ந்தோம்.

மறுநாள் வண்ணார்பேட்டை மெக்கானிக் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். நம்முடைய பழைய மொபெட்டைக் கயிறு கட்டி இழுத்துப்போய் விட்டோமே, அதே அண்ணாச்சிதான். வீலைக் கழற்றுவதற்கு முன்னாலேயே கேட்டார்: “ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிலா கருக்கணும்? இடது பக்கம் மட்டும் ஏன் இம்புட்டுக் கருப்புன்னு நீரு யோசிக்கவே இல்லையா?”

நான் யோசிக்கவே இல்லை, மாப்ளே. மூன்று மாதமாக இடது முன் வீலை மட்டும் இரண்டு தடவை தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கில் பேட்டை அழுத்திப் பிடிப்பது காலிபர். அது முன்னும் பின்னும் நகர்வதற்கு இரண்டு கம்பி உண்டு, ‘காலிபர் பின்’ என்பார்கள். அதில் ஒன்று கிரீஸ் காய்ந்து துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. பிரேக்கை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. உரசினால் தூசி, உரசினால் சூடு. அந்தச் சூட்டோடுதான் நான் மலையிலிருந்து இறங்கியிருக்கிறேன். பழைய பேட் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. நான் மாட்டிய மலிவு பேட் தாங்கவில்லை. பேட்டில் கலவையைக் கட்டி வைத்திருப்பது பிசின். அளவுக்கு மீறிச் சுட்டால் அது ஆவியாகி டிஸ்க்குக்கும் பேட்டுக்கும் நடுவில் நிற்கும். அப்போது பெடல் கெட்டியாக இருக்கும், பிடிமானம் இருக்காது. பெடல் மெத்தென்று உள்ளே போனால் அது வேறு சங்கதி, பிரேக் ஆயில் கொதித்துவிட்டது என்று அர்த்தம். ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 என்கிற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடும். உன் வண்டியில் ஆயில் எப்போது மாற்றியது என்று பழைய சொந்தக்காரரிடம் கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். பேட் போடும்போதே அதையும் மாற்றச் சொல்.

இப்போது பேட் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாதமாக இதைத்தான் படித்துக்கொண்டும் அண்ணாச்சியை நச்சரித்துக்கொண்டும் இருக்கிறேன். வீலில் படிவது பேட் தூசி மட்டும் இல்லை. டிஸ்க் வார்ப்பிரும்பு, அதுவும் சேர்ந்துதான் தேய்கிறது. சூடான இரும்புத் துகள் வீலில் ஒட்டி அங்கேயே துருப்பிடிக்கிறது. அந்த ஆரஞ்சுப் புள்ளி அதுதான். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் சாய்வதால் முக்கால்வாசி வேலையை முன் பிரேக்தான் செய்கிறது. பின்னால் டிஸ்க்குக்குப் பதில் மூடிய டிரம் பிரேக் இருந்தால் தூசி டிரம்முக்குள்ளேயே கிடக்கும். அதனால் முன் சக்கரம் கருப்பதும் பின் சக்கரம் வெளுப்பாக இருப்பதும் இயல்பு, அதற்காகப் பயப்படாதே. இடதும் வலதும் வித்தியாசப்பட்டால் மட்டும் பயப்படு.

ஜெர்மன் காரில் தூசி அதிகம் வருவதற்கும் காரணம் இருக்கிறது. அந்த ஊர் நெடுஞ்சாலை வேகத்திலிருந்து வண்டியை நிறுத்த வேண்டும் என்பதற்காக நன்றாகக் கடிக்கிற, இரும்பு நார் கலந்த பேட்டைப் போடுகிறார்கள். அது டிஸ்க்கையும் சேர்த்துத் தின்னும். செமி மெட்டாலிக் என்பதில் உலோகம் இன்னும் அதிகம். சூட்டைத் தாங்கும், கொஞ்சம் சத்தம் போடும், தூசியும் கருப்பு. இரும்பு சேர்க்காத ஆர்கானிக் பேட் மென்மையானது, சத்தமும் தூசியும் குறைவு. நல்ல கம்பெனி என்றால் நம் ஓட்டத்துக்குப் போதும், மலிவு என்றால் சூட்டில் கைவிட்டுவிடும். செராமிக்கில் தூசி வெளிறிய சாம்பல் நிறம், வீலில் அவ்வளவாக ஒட்டாது, டிஸ்க்கும் கொஞ்சம் கூடுதல் நாள் உழைக்கும். விலைதான் அதிகம். தூசியே வராத பேட் என்று ஒன்று கிடையாது, மாப்ளே. தேய்ந்தால்தான் வண்டி நிற்கும்.

பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்காதே, பேட்டில் அச்சிட்டிருப்பதைப் படி. நல்ல பேட் பலவற்றின் ஓரத்தில் கம்பெனி எண்ணோடு இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும், எஃப்எஃப் அல்லது ஜிஎஃப் என்று. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு, இரண்டாவது நன்றாகச் சுட்ட பிறகு எவ்வளவு என்பதற்கு. இ என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் அதற்கும் மேலே. மலை இறங்குகிறவனுக்கு அந்த இரண்டாவது எழுத்துதான் முக்கியம். எனக்குப் புளியரையில் கைவிட்ட பேட்டில் எந்த எழுத்தும் இல்லை, கம்பெனி எண்கூட இல்லை.

கடைசியில் நான் என்ன போட்டேன் என்று கேட்பாய். கார் கம்பெனிகளுக்கே சப்ளை செய்கிற ஒருவர் தயாரித்த, இரும்பு நார் இல்லாத செராமிக் கலவை, எஃப்எஃப். காலிபர் பின் இரண்டையும் கழற்றிச் சுத்தம் செய்து பிரேக்குக்கான கிரீஸ் வைத்து, டிஸ்க்கின் தடிமனை அளந்து பார்த்து, ஆயில் மாற்றினோம். புதுப் பேட்டைப் பழக்கவும் வேண்டும். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து நாற்கரச் சாலையில் 60-லிருந்து 10 வரை நிதானமாகக் குறைத்து, நிறுத்தாமல் மறுபடி வேகம் எடுத்து, எட்டு பத்துத் தடவை செய்தோம். பிறகு கால் வைக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட்டோம். இதைச் செய்யாமல் புதுப் பேட்டோடு நீ நேரே காரையாறு ஏறுவதுதான் எனக்கு ஆகவே ஆகாது. அம்பத்தூரிலிருந்து இங்கே 600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வருகிறோமே, அதிலேயே பழகிவிடும் என்று நினைக்காதே. நெடுஞ்சாலையில் நீ பிரேக்கைத் தொடுவதே டோல்கேட்டில்தான்.

இப்போது என் வீல் சாம்பல் பூக்க இரண்டு வாரம் ஆகிறது. சோப்புத் தண்ணீர் போதும், வீல் ஆறிய பிறகு. ஆரஞ்சுப் புள்ளி விழுந்துவிட்டால் இரும்புத் துருவை எடுக்க என்றே ஒரு திரவம் விற்கிறார்கள். அடித்தால் ஊதா நிறமாக வழியும், கழுவிவிட வேண்டும். அப்புறம், உன் மைத்துனர் வீலுக்குப் பின்னால் தகடு ஒன்று மாட்டலாம் என்றாராமே, தூசியைத் தடுக்குமாம். தூசியைத் தடுக்கிற தகடு காற்றையும் தடுக்கும். காற்றுப் படாத டிஸ்க் மலையில் என்ன செய்யும் என்று நான் பார்த்துவிட்டேன். அவரிடம் நான் சொன்னதாகவே சொல்.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. அண்ணாச்சி பட்டறையில் வேலை பழகும் பையன் ஒருவன், 18 வயது இருக்கும். டிரம்மைத் திறந்ததும் கம்ப்ரசர் காற்றை வைத்து ஊதினான். கருப்பு மேகமாக எழும்பியது, அதற்குள்ளேதான் அவன் மூச்சு விடுகிறான். டிரம்முக்குள் உரசும் பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருந்த காலத்தில் அண்ணாச்சியும் இப்படித்தான் ஊதினார். அந்த நார் நுரையீரலில் போய் உட்கார்ந்தால் நோய் வெளியே தெரிய 20, 30 வருடம் ஆகுமாம். அண்ணாச்சி இப்போதெல்லாம் படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறார். அது எதனால் என்று நான் சொல்ல முடியாது, ஆனால் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மேகம்தான் ஞாபகம் வருகிறது. ஐரோப்பாவில் 2024-இல் கொண்டுவந்த யூரோ 7 விதியில் புகைக்கு மட்டுமில்லாமல் பிரேக் தூசிக்கும் வரம்பு வைத்துவிட்டார்கள், பெட்ரோல் காருக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம். நாம் வீல் கருக்கிறதே என்று கவலைப்படுகிறோம், வீலில் ஒட்டாத மீதியெல்லாம் எங்கே போகிறது என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பையனுக்கு மாஸ்க் வாங்கிக் கொடுத்தேன். காற்று அடிக்காமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லியிருக்கிறேன். அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மறுதடவை போனபோது ஒரு பக்கெட் தண்ணீரும் துணியும் இருந்தன. நீயும் சின்னவனை வீல் துடைக்கச் சொல்லாதே, துடைத்தால் ஈரமாகத்தான் துடைக்க வேண்டும்.

ஆகவே ஆர்டரை நிறுத்து. உத்திரத்துக்கு ஒரு வாரம் முன்னால் வந்துவிடு. அண்ணாச்சியிடம் சொல்லி வைத்துவிட்டேன், இங்கேயே பேட் பார்த்து மாட்டிப் பழக்கிவிட்டு மலை ஏறலாம். நானும் கூட வருகிறேன், இறங்கும்போது இரண்டாம் கியர் போட நானே ஞாபகப்படுத்துகிறேன். அம்மா உனக்காக வடகம் போட்டு வைத்திருக்கிறாள்.

அதுவரை பொறுக்காமல் இன்றைக்கே ஒன்று செய். பிரேக்கை அதிகம் தொடாமல் இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி, நாலு வீலுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார், தொடாதே. ஏதாவது ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்டாதே, எனக்குப் போன் பண்ணு, ராத்திரி ஆனாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உன் மச்சான்